காய்ச்சலின் மூன்றாம் நாள் சீரம்: ஏற்காட்டில் ஒரு டெங்கு நிகழ்வும் அதன் வகைப்பாடும்

பின்னணி

சேலத்தில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் பொறுப்பில் நான் இருந்தபோது, ஓர் ஆடி மாத இறுதியில் எங்களிடம் வந்து சேர்ந்த மூவரின் இரத்த மாதிரிகளைப் பற்றிய பதிவு இது. நோயாளிகளையும் மருத்துவமனைகளையும் தோட்டத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் நடந்தவற்றை, எங்கள் தவறுகள் உட்பட, நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

முதல் நோயாளி 38 வயதுப் பெண். சேர்வராயன் மலைச் சரிவில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்து, அங்கேயே லைன் வீட்டில் கணவருடனும் இரு பிள்ளைகளுடனும் வசிப்பவர். அவருடைய தம்பி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காக அந்தப் பெண் கீழே இறங்கி வந்து, தம்பி வீட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு மலைக்குத் திரும்பினார். திரும்பிய பன்னிரண்டாம் நாள் அவருக்குக் கடுமையான காய்ச்சலும் உடல்வலியும் தொடங்கின. ஏறத்தாழ அதே நாளில் செவ்வாய்ப்பேட்டையில் தம்பியின் ஒன்பது வயது மகனும் காய்ச்சலில் படுத்தான்.

இரண்டு காய்ச்சல்களும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று அனைவரும் கருதினோம். தண்ணீர் நாள்கணக்கில் இடைவெளி விட்டு வரும் தெருக்களில் டிரம்களும் சிமெண்ட் தொட்டிகளும் எப்போதும் நிரம்பியிருக்கும் என்பதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவற்றில்தான் முட்டையிடும் என்பதும் சேலத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. மலையில் குளிர் இருக்கிறது, அங்கே டெங்கு ஏது என்ற எண்ணம் தோட்டத் தொழிலாளரிடம் மட்டுமல்லாமல் எங்களிடமும் இருந்தது. ஆனால், கடிபட்டதிலிருந்து காய்ச்சல் தொடங்கும்வரை டெங்குவுக்கு வழக்கமாக 4 முதல் 10 நாள்கள் ஆகும்; அரிதாக 14 நாள் வரை போகலாம். பன்னிரண்டு நாள் என்பது அந்த வழக்கமான எல்லைக்கு வெளியே இருந்தும் அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் நாள்: கார்டு சோதனை

காய்ச்சலின் மூன்றாம் நாள் அவர் மலையிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனைக்குச் சென்றார். இரத்தத் தட்டணுக்கள் 1,32,000, வெள்ளையணுக்கள் 3,100, ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 38 விழுக்காடு. சில நிமிடங்களில் கோடுகளாக முடிவு காட்டும் கார்டு சோதனையில் என்.எஸ்.1 கோடு இல்லை, ஐ.ஜி.எம். கோடு இல்லை, ஐ.ஜி.ஜி. கோடு மட்டும் தெளிவாக இருந்தது. அறிக்கையில் "டெங்கு நெகட்டிவ், பழைய தொற்று" என்று எழுதப்பட்டது. உடல்வலிக்காக டைக்ளோஃபினாக் ஊசி போடப்பட்டு அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

என் கணிப்பில் இந்த நிகழ்வின் மிக முக்கியமான நாள் இதுதான். அதனால் அந்த மூன்று கோடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்.எஸ்.1 என்பது வைரஸ் பெருகும்போது பாதிக்கப்பட்ட செல்கள் இரத்தத்தில் வெளியிடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே அதைக் கண்டுபிடிக்க முடியும். சிலரிடம் ஒன்பது நாள் வரை கூடத் தென்படும். ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. இரண்டும் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்கள். ஐ.ஜி.எம். பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளில்தான் தோன்றத் தொடங்கும். முதன்முறை டெங்கு வருபவரிடம் ஐ.ஜி.ஜி. ஒரு வாரம் கடந்த பின்னரே மெல்ல எழும்பும். ஏற்கனவே ஒருமுறை வேறொரு வகை டெங்கு வந்து போனவரிடம் இந்த வரிசை மாறிவிடுகிறது: பழைய நினைவைக் கொண்ட செல்கள் உடனே விழித்துக்கொள்வதால் ஐ.ஜி.ஜி. முதல் சில நாள்களிலேயே வேகமாக உயரும், ஐ.ஜி.எம். குறைவாகவோ தாமதமாகவோ வரும், என்.எஸ்.1 புரதத்தைப் பழைய எதிர்ப்புப் புரதங்கள் பற்றிக்கொண்டுவிடுவதால் கார்டில் அது காணாமலே போகலாம்.

ஆகவே காய்ச்சலின் மூன்றாம் நாளில், வெள்ளையணுக்கள் குறைந்த ஒருவரிடம் ஐ.ஜி.ஜி. கோடு மட்டும் தெரிவதை "பழைய தொற்று" என்று முடித்துவிட இயலாது. அது பழைய தொற்றின் எச்சமாக இருக்கலாம்; இரண்டாம் தொற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். கடுமையான டெங்கு பெரும்பாலும் இரண்டாம் தொற்றில்தான் வருகிறது என்பதை நினைத்தால், அந்த ஒற்றைக் கோடுதான் அன்று அவரைப் பற்றிய மிகப் பெரிய எச்சரிக்கை.

அந்த மருத்துவமனையின் ஆய்வகப் பணியாளர் செய்த ஒரு காரியத்தை இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறேன். யாரும் கேட்காமலே, மீதமிருந்த சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை, பிரித்து ஒரு சிறு குப்பியில் ஊற்றி, அதன் மேல் தேதியையும் "காய்ச்சல் 3ஆம் நாள்" என்பதையும் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்திருந்தார். பின்னால் நடந்தவை அனைத்தும் அந்தக் குப்பியால்தான் இயன்றன.

ஆறாம் நாள்: காய்ச்சல் இறங்கிய காலை

ஆறாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது. குடும்பத்தார் நிம்மதியடைந்தனர். நண்பகலுக்குள் வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் தொடங்க, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஜீப்பில் இறங்கி அவரைச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாடித்துடிப்பு 112, இரத்த அழுத்தம் 100/76. ஹீமட்டோகிரிட் 47, தட்டணுக்கள் 34,000. கல்லீரல் பகுதியைத் தொட்டால் வலித்தது. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருந்தது. வலப்புற நுரையீரல் உறையில் சிறிதளவு நீர் சேர்ந்திருந்தது.

38 என்பது 47 ஆனால் உயர்வு இருபது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிகிறது என்பதற்கு அது போதுமான சான்று. மருத்துவக் குழுவினர் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. எச்சரிக்கை அறிகுறிகளுடன் கூடிய டெங்குவாகவே கருதி, உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலின்படி ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 5 மி.லி. என்ற அளவில் சலைன் தொடங்கி, ஹீமட்டோகிரிட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்து அளவைக் குறைத்துக்கொண்டே வந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் செடிகொடிகளில் இருக்கும் நுண்ணிய பூச்சிகளின் கடியால் வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலையும் மனதில் வைத்து, அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் தேடி, கடித்த இடத்தில் வரும் கருந்தழும்பு எதுவும் இல்லாதபோதும் அதற்கான மருந்தான டாக்ஸிசைக்ளின் தொடங்கினர். தழும்பு இல்லாத ஸ்கிரப் டைபஸ் நம் பகுதியில் உண்டு என்பதால் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். மலேரியா சோதனையில் எதுவும் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் அன்றைய மாதிரி தெளிவான விடை தரவில்லை. கார்டைவிட நுட்பமான ஆய்வகச் சோதனையான எலைசாவில் என்.எஸ்.1 நெகட்டிவ். ஐ.ஜி.எம். எலைசா எல்லைக்கோட்டில் நின்றது. ஐ.ஜி.ஜி. எலைசா மட்டும் மிக உயர்ந்த அளவைக் காட்டியது. ஐ.ஜி.எம்.-ஐ ஐ.ஜி.ஜி.-ஆல் வகுத்தால் 0.4 வந்தது. சீரத்தை நூறு மடங்கு நீர்த்துச் செய்யும் சோதனையில் இந்த விகிதம் 1.2-க்கு மேல் இருந்தால் முதல் தொற்று, அதற்குக் கீழ் இருந்தால் இரண்டாம் தொற்று என்பது வழக்கமான கணக்கு. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கும் ஐ.ஜி.எம்.-ஐ வைத்துக்கொண்டு டெங்கு உறுதி என்று அறிக்கை எழுத முடியாது. ஆறாம் நாளில் இரத்தத்தில் வைரஸும் பெரும்பாலும் மறைந்துவிட்டிருக்கும். வைரஸ் இருந்த நாளின் சீரம் எங்கே என்று மலை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டபோதுதான் அந்தக் குப்பி இருப்பது தெரிந்தது.

ஏழாம் நாள்: 250 மைக்ரோலிட்டர்

மறுநாள் காலைப் பேருந்தில் ஐஸ் பெட்டியில் குப்பி வந்து சேர்ந்தது. பனிக்கட்டி பாதி உருகியிருந்தாலும் பெட்டி குளிர்ச்சியாகவே இருந்தது. உள்ளே இருந்தது ஏறத்தாழ 250 மைக்ரோலிட்டர். நான்கு நாள் வீட்டு உபயோக வகைக் குளிர்பதனப் பெட்டியில், இடையிடையே மின்சாரம் போன மலையில் இருந்த சீரம் அது. டெங்கு வைரஸின் மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ.; எளிதில் சிதையக்கூடியது. நீண்ட காலம் காக்க மைனஸ் 70 டிகிரி வேண்டும். எனவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுதான் தொடங்கினோம்.

மூடியைத் திறக்கும் முன்பே பங்கீட்டைத் தாளில் எழுதினோம். ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்க 140, என்.எஸ்.1 எலைசாவுக்கு 50, மீதியைத் தொடாமல் ஆழ்உறைநிலையில் வைப்பது. எலைசாவை முதலில் செய்து, மிச்சத்தைப் பிறகு யோசிப்பதுதான் வழக்கம். உறைந்து உருகிய சீரத்தை மீண்டும் மீண்டும் வெளியே எடுத்தால் ஆர்.என்.ஏ. மேலும் அழியும் என்பதால் இரண்டையும் ஒரே அமர்வில் பிரித்தோம்.

மூன்றாம் நாள் சீரத்தில் என்.எஸ்.1 எலைசா பாசிட்டிவ். அளவு குறைவுதான், ஆனால் வெட்டுப்புள்ளிக்கு மேலே இருந்தது. கார்டு தவறவிட்டதை எலைசா பிடித்துவிட்டது. நம் நாட்டுத் தேசியத் திட்டத்தில் கார்டு சோதனையை மட்டும் வைத்து டெங்குவை உறுதிசெய்வதில்லை. முதல் ஐந்து நாள்களில் என்.எஸ்.1 எலைசா, அதன் பின் ஐ.ஜி.எம். எலைசா என்பதே நடைமுறை. அதன்படி அன்று மாலையே டெங்கு உறுதி என்ற அறிக்கை வார்டுக்குச் சென்றது. நோயாளியின் சிகிச்சைக்கு ஆய்வகம் தர வேண்டியது அத்துடன் முடிந்தது. எந்த வகை டெங்கு என்பதால் சலைன் அளவு மாறப்போவதில்லை.

எட்டாம் நாள்: ஜெல்லில் ஓர் இடைஞ்சல்

வகைப்பாடு நோயாளிக்காக அல்ல, ஊருக்காகச் செய்யப்படுவது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்து போனால் அதே வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும்; மற்ற மூன்றுக்கும் எதிராகச் சில மாதங்களே. ஓர் ஊரில் எந்த வகை சுற்றுகிறது, புதிதாக ஒன்று நுழைந்திருக்கிறதா என்பது அடுத்த மழைக்காலத்தை எதிர்கொள்ளும் மாவட்டத்துக்குத் தேவையான செய்தி.

அப்போது நாங்கள் பயன்படுத்தியது, 1992-இல் லான்சியோட்டியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட இரண்டு சுற்று ஆர்.டி.-பி.சி.ஆர். முறை; ஆர்.என்.ஏ.-ஐ டி.என்.ஏ.-ஆக மாற்றி, அதன் ஒரு துண்டைப் பல கோடி மடங்கு பெருக்குவது அது. முதல் சுற்றில் நான்கு வகைகளுக்கும் பொதுவான ப்ரைமர்கள் (பெருக்கம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. இழைகள்), வைரஸின் உறைப்பகுதி மரபணுக்களில் 511 கார இணை நீளமுள்ள ஒரு துண்டைப் பெருக்கும். அந்தக் குழாயைத் திறந்து, அதிலிருந்து சிறிது எடுத்து, வகைக்கு ஒன்றான ப்ரைமர்களுடன் இரண்டாம் சுற்று. பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், ஒவ்வொரு மாதிரியும் ஓடும் தடத்தில் தெரியும் பட்டை எந்த நீளத் துண்டுக்கு உரியது என்பதே வகையைச் சொல்லும்: முதல் வகைக்கு 482, இரண்டாம் வகைக்கு 119, மூன்றாம் வகைக்கு 290, நான்காம் வகைக்கு 392. கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய முறை, செலவும் குறைவு. முதல் சுற்றுக் குழாயைத் திறக்க வேண்டியிருப்பதுதான் அதன் பலவீனம். பெருகிய துண்டுகள் கோடிக்கணக்கில் உள்ள அந்தக் குழாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி பக்கத்துக் குழாயில் தெறித்தாலும் போதும்.

அன்றைய ஜெல்லில் அந்தப் பெண்ணின் மாதிரியுடன் தம்பி மகனுடையதும் ஓடியது. சிறுவனின் மாதிரி காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுக்கப்பட்டது; அதில் 119-இல் பட்டை தடிமனாக ஒளிர்ந்தது. பெண்ணின் தடத்திலும் 119-இல் மெல்லிய பட்டை ஒன்று இருந்தது. அதற்கு மேலே 290 அருகே நிழல் போல ஏதோ இருந்தது. ஆர்.என்.ஏ. எதுவும் சேர்க்காத, வெறும் நீர் ஊற்றிய கட்டுப்பாட்டுத் தடத்திலும் 119-இல் ஒரு மங்கலான பட்டை தெரிந்தது.

என்னுடன் பணியாற்றிய இளைஞர், "மேடம், ஒரே வீட்டு ஆளுங்க, ரெண்டு பேருக்கும் வகை ரெண்டுதான் வருது, பொருந்துதே" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. எதிர்பார்த்த விடை வரும்போது கட்டுப்பாட்டுத் தடத்தைப் பார்க்க மனம் வருவதில்லை. ஆனால் நீர்த் தடத்தில் பட்டை இருக்கும் ஜெல்லில் மற்ற எந்தத் தடத்தின் மெல்லிய பட்டையையும் நம்ப முடியாது. சிறுவனின் முதல் சுற்றுக் குழாயிலிருந்து தெறித்தது நீர்க் குழாயில் விழுந்திருந்தால், அது அந்தப் பெண்ணின் குழாயிலும் விழுந்திருக்கலாம்.

அந்த நிழலையும் முழுதாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒரே உடலில் இரண்டு வைரஸ்கள் இருப்பது அறியப்படாத ஒன்றல்ல. 1960களிலேயே வேலூரில் ஒரே நோயாளியிடமிருந்து சிக்குன்குனியாவும் டெங்கு இரண்டாம் வகையும் சேர்த்துப் பிரித்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு டெங்கு வகைகள் ஒருவரிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே மூன்று சாத்தியங்கள் இருந்தன: அவருக்கு இரண்டாம் வகை, அல்லது மூன்றாம் வகை, அல்லது இரண்டுமே. அன்றைய ஓட்டத்தைச் செல்லாதது என்று பதிவேட்டில் எழுதி, வகை அறிக்கையை நிறுத்திவைத்தேன்.

பத்தாம் நாள்: மூடிய குழாயில் மறுசோதனை

மாசு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம். சீரத்துக்குப் பதில் நீரை வைத்துப் பிரித்தெடுத்த வெற்று மாதிரியிலும், முதல் சுற்றின் நீர்த் தடத்திலும் எதுவும் இல்லை. இரண்டாம் சுற்றில் மட்டுமே பட்டை. அதாவது பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ. தூய்மையாகவே இருந்தது, குழாயைத் திறந்தபோதுதான் தவறு நேர்ந்தது. 60 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ.-இல் 5 மட்டுமே செலவாகியிருந்ததால், மீதியை வைத்து மறுசோதனை செய்ய முடிந்தது. வெற்று மாதிரி ஒன்றை அன்று சேர்த்திராவிட்டால், மிச்சமிருந்த சீரத்தையும் எடுத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருப்போம்.

மறுசோதனையை நிகழ்நேர ஆர்.டி.-பி.சி.ஆர். முறையில் செய்தோம். இதில் ஒவ்வொரு வகைக்கும் தனி நிற ஒளி தரும் புரோப் உண்டு. பெருக்கம் முடியும்வரை குழாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டிரண்டு குழாய்களில் ஓட்டினோம். நீர்த் தடங்கள் எல்லாம் தட்டையாகவே இருந்தன. சிறுவனுக்கு இரண்டாம் வகை, சி.டி. மதிப்பு 20. அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழாய்களிலும் மூன்றாம் வகை, சி.டி. மதிப்பு 34. இரண்டாம் வகைக்கான ஒளி அவரிடம் சிறிதும் எழவில்லை. சி.டி. மதிப்பு கூடக் கூட வைரஸின் அளவு குறைவு என்பதால், 34 என்பது வந்து சேர்ந்த சீரத்தின் நிலைக்குப் பொருத்தமாகவே இருந்தது. வேறோர் அறையில் புதிய வேதிப்பொருள்களைக் கொண்டு பழைய முறையையும் ஒருமுறை திரும்பச் செய்து, 290-இல் மட்டும் பட்டை வந்ததைப் பார்த்த பிறகே அறிக்கையில் கையெழுத்திட்டேன்.

அத்தையும் மருமகனும் வெவ்வேறு வகை வைரஸால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அப்போதுதான் அந்தப் பன்னிரண்டு நாள் கணக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

தொடர்ந்தவை

அதுவரை கொசு ஒழிப்புப் பணி செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் மட்டும் நடந்துகொண்டிருந்தது. வகைகள் வேறு என்று தெரிவித்ததும் சுகாதாரப் பணியாளர்கள் தோட்டத்துக்குச் சென்றார்கள். லைன் வீடுகளின் பின்புறத் தண்ணீர் டிரம்களிலும், பழைய டயர்களிலும், காப்பி உலர்களத்தில் பருவம் முடிந்து மடித்துப் போட்டிருந்த தார்ப்பாய்களின் மடிப்புகளிலும் ஏடிஸ் புழுக்கள் இருந்தன. வீடு வீடாகக் கேட்டதில் மேலும் ஐந்து பேருக்குக் காய்ச்சல் இருப்பது தெரிந்தது. அவர்களுள் காய்ச்சலின் இரண்டாம் நாளில் இருந்த ஓர் இளைஞரின் சீரத்தில் என்.எஸ்.1 எலைசா பாசிட்டிவ். நிகழ்நேரச் சோதனையில் மூன்றாம் வகை, சி.டி. மதிப்பு 22. அவர் ஒரு மாதத்துக்கும் மேலாக மலையை விட்டு இறங்கியதில்லை.

இரண்டே மாதிரிகளை வைத்துத் தோட்டத்தில்தான் தொற்று பரவியது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருப்பினும் புழுக்கள், பயண விவரம், வைரஸ் வகை, நாள் கணக்கு ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டின. டிரம்களுக்கு மூடி போடப்பட்டது. டயர்களும் தார்ப்பாய்களும் அகற்றப்பட்டன. அடுத்த மூன்று வாரங்களில் அந்த லைன் வீடுகளிலிருந்து புதிய நோயாளிகள் எங்களிடம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் தட்டணுக்கள் ஏழாம் நாள் 18,000 வரை இறங்கின. இரத்தக் கசிவு எதுவும் இல்லாததால் தட்டணு ஏற்றவில்லை. உறவினர்கள் மிகவும் வற்புறுத்தியும் மருத்துவர்கள் பொறுமையாக விளக்கி அதில் உறுதியாக நின்றார்கள். எட்டாம் நாள் ஹீமட்டோகிரிட் 39-க்குத் திரும்பியது. பத்தாம் நாள் வீட்டுக்குச் சென்றார். பதினைந்தாம் நாள் எடுத்த இரண்டாம் மாதிரியில் டெங்கு ஐ.ஜி.எம். தெளிவாகப் பாசிட்டிவ், ஐ.ஜி.ஜி. மேலும் உயர்ந்திருந்தது, ஸ்கிரப் டைபஸ் ஐ.ஜி.எம். இரு மாதிரிகளிலும் நெகட்டிவ். சிறுவன் வார்டில் சேராமலே குணமடைந்தான்.

முன்பு அவருக்கு வந்திருந்த முதல் டெங்கு எந்த வகை என்று மலை மருத்துவர் கேட்டார். எதிர்ப்புப் புரதத்தை வைத்து வகை சொல்ல, உயிருள்ள வைரஸைச் செல்களில் வளர்த்துச் செய்யும் நடுநிலைப்படுத்தல் சோதனை வேண்டும். இரண்டாம் தொற்றுக்குப் பின் நான்கு வகைகளுக்கும் எதிரான புரதங்கள் கலந்து உயர்ந்துவிடுவதால் அதுவும் தெளிவான விடை தராது. அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை.

மாற்றியவை

எங்கள் சோதனைக் கோரிக்கைப் படிவத்தில் "காய்ச்சலின் எத்தனையாவது நாள்" என்ற கட்டம் முன்பே இருந்தது. பாதிப் படிவங்களில் அது வெறுமையாகவே வரும். இப்போது அது நிரப்பப்படாமல் வந்தால் மாதிரியைப் பதிவுசெய்யும் முன்பே தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். நாள் தெரியாமல் எந்தச் சோதனையைச் செய்வது என்றும் தெரியாது, வந்த முடிவுக்கு என்ன பொருள் என்றும் தெரியாது.

மலை மருத்துவமனைகளுடன் பேசி, கார்டில் ஐ.ஜி.ஜி. கோடு மட்டும் வந்தால் "பழைய தொற்று" என்று எழுதாமல், "இரண்டாம் தொற்றாக இருக்கலாம், எலைசாவுக்கு அனுப்பவும், அடுத்த நாள் தட்டணு, ஹீமட்டோகிரிட் பார்க்கவும்" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டோம். அப்படி ஒரு வரி மூன்றாம் நாளிலேயே இருந்திருந்தால் டைக்ளோஃபினாக் ஊசியும் தவிர்க்கப்பட்டிருக்கும். காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கியது என்று அந்தக் குடும்பம் நம்பியிருக்கவும் வேண்டியதில்லை.

வகைப்பாட்டுக்கு இரண்டு சுற்று முறையை வழக்கமாகப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். வேறு வழியில்லாதபோது மட்டும், இரண்டாம் சுற்றுக் கலவையைத் தனி அறையில் தயாரித்து, வலிமையான மாதிரியையும் பலவீனமான மாதிரியையும் ஒரே ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் செய்கிறோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் பிரித்தெடுப்பு வெற்று மாதிரி கட்டாயம்.

பயண விவரத்தை இனி நான் ஒரு கேள்வியாக மட்டுமே எடுத்துக்கொள்வேன். நோயாளி எங்கே போய் வந்தார் என்பதுடன், எத்தனை நாளுக்கு முன் போய் வந்தார் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்காமல் தொற்று வந்த இடத்தைப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

மலையிலிருந்து வரும் சீரங்கள் இப்போது இரண்டு குப்பிகளாக வருகின்றன: ஒன்று எலைசாவுக்கு, மற்றொன்று திறக்காமல் ஆழ்உறைநிலைக்கு. மின்வெட்டைப் பற்றி இன்னும் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்றாம் நாள் சீரத்தைக் காத்துவைத்த அந்தப் பணியாளர், உறைபனி அறைக்குள் ஒரு கோப்பை நீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்திருக்கிறார். மின்சாரம் நீண்ட நேரம் போய்ப் பனி உருகினால் நாணயம் அமிழ்ந்திருக்கும். குப்பியுடன் வரும் தாளில் நாணயம் மேலே இருந்ததா, கீழே இருந்ததா என்பதையும் எழுதி அனுப்புகிறார்.